மூன்று புள்ளி வைத்த டிக்கெட்

போன மாதம் செல்வி என் வீட்டுக்கு வந்தபோது கையோடு ஒரு சிறிய பெட்டியைக் கொண்டுவந்தாள். ஐம்பத்திரண்டாம் வயதில் நான் விருப்ப ஓய்வு வாங்கும்வரை தொலைபேசித் துறையில் என் பக்கத்து இருக்கையில் வேலை பார்த்தவள். பெட்டியை என் வீட்டுப் போனோடு இணைத்துவிட்டு, தன் செல்போனிலிருந்து என்னை அழைத்தாள். பெட்டியின் கண்ணாடியில் அவள் எண் பச்சையாகத் தெரிந்தது.

"பாத்தீங்களாக்கா? எவன் கூப்பிடுதாம்னு எடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும். இனிம ஒருத்தனும் வாலாட்ட முடியாது. ஒங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படித்தான் சமாளிச்சீங்களோ!"

"எங்களுக்கும் நம்பர் தெரியும்" என்றேன்.

"அப்பம் அதையே எழுதிக் குடுங்க. மகளிர் தின மலருக்கு ரெண்டு பக்கம் வேணும். கொஞ்சம் சந்தோசமா இருக்கட்டும்."

இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. சந்தோஷமாகவும் வரவில்லை. வேலையில் சேர்ந்த 1971 முதல் நாள் தவறாமல் டைரி எழுதுகிறவள் நான். இங்கே வரும் நேரங்களை அதிலிருந்துதான் எடுத்திருக்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்த எக்ஸ்சேஞ்ச் என்பதையும் எழுதவில்லை. துறைமுகத்துச் சங்கு கேட்கிற தூரத்தில் இருந்தது, அவ்வளவு போதும்.

நாசரேத்தில் படிப்பு, அதன்பின் தட்டச்சு, ஒரு தேர்வு, மூன்று மாதப் பயிற்சி. பயிற்சியில் கற்றவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே சொன்னால் போதும்: ஆபரேட்டருக்குப் பெயர் கிடையாது. யார் கேட்டாலும் எண்ணைத்தான் சொல்ல வேண்டும். நான் ஏழு.

இளையவர்களுக்காக வேலைமுறையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வெளியூருக்குப் பேச வேண்டுமானால் போனை எடுத்து எக்ஸ்சேஞ்சிடம் கேட்க வேண்டும். புக்கிங் மேசையில் இருப்பவள் ஒரு டிக்கெட் எழுதுவாள். உள்ளங்கை அகலக் காகிதம். கேட்டவரின் எண், எந்த ஊர், யாரோடு, பதிவு செய்த நேரம், சாதாரணமா அர்ஜெண்டா, எல்லாம் அதில் இருக்கும். அது வெளியூர் லைன்கள் வந்து சேரும் டிரங்க் போர்டில் இருப்பவளிடம் வரும். அவள் அர்ஜெண்டை மேலேயும் சாதாரணத்தைக் கீழேயும் நேர வரிசையில் அடுக்குவாள். பிளக்கைக் குத்தி அந்த ஊர் ஆபரேட்டரைப் பிடித்து, இரண்டு பக்கத்தையும் இணைத்து, பேச்சு தொடங்கிய நிமிடத்தைக் குறிப்பாள். இணைக்க முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று ஒவ்வொரு முறையும் நேரத்தோடு எழுத வேண்டும். உப்பு ஏஜென்டுகள் கல்கத்தாவுக்கும், கப்பல் ஏஜென்டுகள் கொச்சிக்கும், கருவாட்டு வியாபாரிகள் நாகர்கோவிலுக்கும் காத்துக்கிடப்பார்கள். யாருக்கு முதலில் கிடைக்கும் என்பதை அந்தக் காகித அடுக்கு தீர்மானித்தது. அடுக்கு எங்கள் கையில் இருந்தது. எங்களிடம் இருந்த ஒரே அதிகாரம் அதுதான்.

காலை ஏழு முதல் இரவு எட்டு வரை இரண்டு ஷிப்ட்டாகப் பெண்கள் ஒன்பது பேர். எட்டுக்கு மேல் ஆண்கள்.

எங்கள் சூப்பர்வைசர் மாசிலாமணி சார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. எல்லோரையும் "அம்மா" என்பார். ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் நம்மைப் பார்க்க மாட்டார், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். சட்டைப் பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. தினமும் தன் ஹெட்செட்டை வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுக் கண்காணிப்பு மேசையில் உட்காருவார். அங்கிருந்து எந்த லைனையும் கேட்கலாம். நாங்கள் சந்தாதாரரிடம் 'ப்ளீஸ்' சொல்லத் தவறினால் அவருக்குக் கேட்கும். சந்தாதாரர் எங்களிடம் சொன்னது ஒருநாளும் அவர் காதில் விழுந்ததில்லை.

நெருக்கடி நிலை அறிவித்த பிறகு 'பேச்சைக் குறை, வேலையைக் கூட்டு' என்ற பலகை எல்லா அலுவலகங்களுக்கும் வந்தது. அவர் அதை டிரங்க் போர்டுக்கு நேர் மேலே மாட்டினார்.

"பேச்சக் கொறச்சா இங்கன வேற என்ன வேல இருக்கு சார்? பேசுததுதான வேல?" என்று கேட்டாள் பிலோமினா அக்கா. எங்களில் மூத்தவள். கடற்கரைத் தெருக்காரி. அவள் அப்பா தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தவர். அவள் பேச்சில் காற்று எதிரே அடித்தாலும் திரும்பாத ஒரு குணம் உண்டு.

மாசிலாமணி சார் சிரிக்கவில்லை. "ஆர்டர் வந்திருக்கும்மா" என்றார்.

இனி 271.

அந்த எண்ணுக்கு உரியவர் ஊரில் பெரிய மனிதர். கப்பல் சரக்கு ஏஜென்சி வைத்திருந்தார். ஆட்சி மாறினாலும் மேடையில் அவர் நாற்காலி மாறாது. தாய்மை, கற்பு, குடும்பப் பெண்ணின் பெருமை பற்றிப் பேச வெளியூர்களிலிருந்தும் கூப்பிடுவார்கள். அலுவலகத்தில் அவருக்கு வேறு போன் இருந்தது, ஆனால் அங்கே குமாஸ்தாக்கள் இருப்பார்கள். எங்களோடு பேசுவதற்கு வீட்டின் முன்னறையில் இருந்த 271ஐத்தான் எடுப்பார். மதியச் சாப்பாடு முடிந்து, இரண்டு மணி வாக்கில். கல்கத்தாவுக்கு ஒரு கால் புக் செய்வார். அது கிடைக்கும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கேட்பார். கேட்பது கால் பற்றி இராது. அவர் சொன்னவற்றை நான் டைரியில் எழுதியிருக்கிறேன், இங்கே எழுத மாட்டேன். எங்கள் ஹெட்செட்டின் பேசுகுழல் மார்பில் தாங்கி நிற்கும் பழைய மாதிரி. அது அவருக்குத் தெரிந்திருந்தது. அதிலிருந்துதான் தொடங்குவார்.

எங்களில் இளையவள் வடிவு. ஆறுமுகநேரி உப்பளத்து மேஸ்திரியின் மகள். வேலைக்கு வந்து எட்டு மாதம். ஒருநாள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய் மாசிலாமணி சார் மேசை முன் நின்றாள்.

"சார், 271 தப்புத் தப்பாப் பேசுதாரு."

"நீ என்னம்மா பேசினே?"

"நான் நம்பர் ப்ளீஸ்னுதான் சார் சொன்னேன்."

"எந்த மாதிரிச் சொன்னே?"

பிலோமினா அக்கா இருக்கையிலிருந்தே குரல் கொடுத்தாள். "கம்ப்ளைண்ட் ரிஜிஸ்டர்ல எழுதுங்க சார். சந்தாதாரர் ஆபாசமாகப் பேசினார்னு."

அவர் பதிவேட்டைத் திறந்து, விரலால் தலைப்புகளைத் தடவிக் காட்டினார். மணி அடிக்கவில்லை, கம்பி அறுந்தது, பேச்சு கேட்கவில்லை, இரைச்சல். "இதில அந்தத் தலைப்பு இல்லையேம்மா." கொஞ்சம் யோசித்துவிட்டு நீலப் பேனாவால் எழுதினார்: '271 - லைனில் இரைச்சல்.'

மறுநாள் லைன்மேன் சைக்கிளில் அந்த வீட்டுக்குப் போய், கம்பியையும் கருவியையும் சோதித்து, மோர் குடித்துவிட்டு வந்து எழுதினார்: 'சோதித்தது. சரியாக இருக்கிறது.'

ஆறு மாதத்தில் நான்கு முறை நாங்கள் முறையிட்டோம். நான்கு முறையும் இரைச்சல். நான்கு முறையும் சோதித்தது, சரியாக இருக்கிறது.

ஐந்தாவது முறைக்குப் பதிலாகப் பிலோமினா அக்கா புள்ளி வைத்தாள். டிக்கெட்டின் வலது கீழ் மூலையில், பென்சிலால், கடுகளவு. ஒரு புள்ளி என்றால் வாய் நீளும் ஆள். இரண்டு என்றால் புதிய பெண்கள் எடுக்க வேண்டாம், மூத்தவளிடம் கொடு. மூன்று என்றால் அடுக்கின் அடியில் போடு; எட்டு மணிக்கு வரும் ஆண் ஆபரேட்டர் பார்த்துக்கொள்ளட்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் வாய்வழியாகவே ஒன்பது பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

மூன்று புள்ளி பெற்ற எண் ஒன்றே ஒன்றுதான்.

என் பங்கைச் சொல்ல வேண்டும். கிடைக்காத காரணத்தை நேரத்தோடு எழுத வேண்டும் என்றேன் அல்லவா? மூன்று புள்ளி டிக்கெட்டில் நாங்கள் 'லைன் எங்கேஜ்டு' என்று எழுதினோம். லைன் சும்மா கிடக்கும்போதும். பொய் நேரம் எழுதுவது எனக்குப் பல்லில் மணல் கடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் எழுதினேன். அதில் ஒரு மகிழ்ச்சியும் இருந்தது, மறைக்கவில்லை. கல்கத்தாவுக்காக அந்த மனிதர் மாலை முழுதும் காத்துக்கிடந்த நாட்களில் நாங்கள் ஒன்பது பேரும் தேநீரைக் கூடுதலாக ரசித்துக் குடித்தோம்.

சில வாரங்களில் அவர் வழி மாற்றினார். வீட்டு வேலைக்காரப் பெண்ணை விட்டு புக் செய்யச் சொன்னார். பெண் குரல் என்று நம்பி நாங்கள் இணைத்து "பேசுங்க" என்றதும் போனை வாங்கிவிடுவார். "ஏமாந்துட்டியாளா?" என்று தொடங்குவார். இரண்டு முறை ஏமாந்தோம். அதன்பின் பிலோமினா அக்கா சொன்னாள்: "கொரலப் பாக்காதீங்கடி. நம்பரப் பாருங்க."

அந்த வருடம் உலகப் பெண்கள் ஆண்டு. ஊரில் ஒரு பெரிய கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. தலைமை 271. சுவரொட்டியில் அவர் படம் பெரிதாக, ஒரு பெண்ணின் ஓவியம் சிறிதாக. பெண்களுக்கு மாலை நேர வேலை கொடுக்கக் கூடாது, அது குடும்பத்தைக் கெடுக்கும் என்று அவர் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போவதாகவும் பேச்சு இருந்தது.

கூட்டத்தன்று நான் டிரங்க் போர்டில். வடிவு புக்கிங்கில்.

பிற்பகல் 2.10க்கு 271லிருந்து ஒரு பெண் குரல். நாகர்கோவில், ஒரு பள்ளிக்கூட எண், அங்கே ஆசிரியையாக இருக்கும் ஒருவரோடு பேச வேண்டும், அர்ஜெண்ட். வடிவு எழுதி, மூலையில் மூன்று புள்ளி வைத்து என் பக்கம் தள்ளினாள். "ஆள மாத்திட்டான்க்கா. இது வேற கொரல்" என்றாள். நான் டிக்கெட்டை அடியில் செருகினேன்.

2.25க்கு அதே குரல் நினைவூட்டியது. முயற்சி செய்கிறோம் என்றாள் வடிவு. நான் 'லைன் எங்கேஜ்டு' என்று எழுதினேன். அந்த நிமிடம் நாகர்கோவில் லைன் சும்மா இருந்தது. ஒரு கருவாட்டு வியாபாரியின் சாதாரணக் காலை அதில் இணைத்தேன். அவர் ஒன்பது நிமிடம் பேசினார்.

2.50க்கு மறுபடி. "ஏம்மா, பள்ளிக்கூடம் விட்டுட்டா அக்கா பெயிருவா. கொஞ்சம் சீக்கிரம்." வடிவு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. 'லைன் எங்கேஜ்டு.'

3.05க்கு இன்னொரு முறை. இந்த முறை பேச்சு இல்லை, மூச்சுச் சத்தம்தான் என்றாள் வடிவு. அதுவும் எங்களுக்குப் பழக்கமான தந்திரம்தான். அவள் லைனைத் துண்டித்தாள்.

3.15க்கு ஆண் குரல். அவரேதான். "நாகர்கோவில் கால கேன்சல் பண்ணு" என்றார். வேறொன்றும் பேசவில்லை. அவர் வேறொன்றும் பேசாத முதல் நாள் அது. "பாத்தியா, கூட்டத்துக்குப் போற அவசரம்" என்று நான் சொன்னது டைரியில் இருக்கிறது.

நான்கு நாள் கழித்துப் புகார் வந்தது. அவசரக் காலை வேண்டுமென்றே ஒரு மணி நேரம் தடுத்ததாக 271 மேலிடத்துக்கு எழுதியிருந்தார். தன் மாமியார் நாகர்கோவிலில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்ததாகவும், தகவல் அறியாமல் தன் மனைவி கோமதி தவித்ததாகவும், நாட்டில் ஒழுங்கு திரும்பிவரும் இந்நாளில் இப்படிப்பட்ட பெண்கள் அரசு வேலையில் இருப்பது வெட்கம் என்றும் எழுதியிருந்தார்.

எனக்கு அப்போதுதான் அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்தது.

மாசிலாமணி சார் பழைய டிக்கெட் கட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். 271 இருந்த டிக்கெட்டெல்லாம் மூன்று புள்ளி. எங்கள் ஒன்பது பேரையும் வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார்.

"மூணு புள்ளி வைங்க. கீழே கையெழுத்துப் போடுங்க. ஒப்பிட்டுப் பாக்கணும்."

"புள்ளிக்கு ஏது சார் கையெழுத்து?" என்றாள் பிலோமினா அக்கா.

"ஆர்டர்மா."

அவள் மூன்று புள்ளி வைத்தாள். தாளைத் தூக்கிப் பார்த்தாள். "கம்பி இழுத்துக் கோலமா முடிச்சிரவா சார்? வெறும் புள்ளியா விட்டா நல்லால்ல."

யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து வடிவு அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மாசிலாமணி சார் இருபத்தேழு புள்ளிகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் யாருடையது என்று தெரியவில்லை என்று எழுதி, ஒன்பது பேரையும் விசாரணைக்குப் பரிந்துரைத்தார்.

யூனியனுக்குப் போனோம். செயலாளர் எங்கள் எக்ஸ்சேஞ்சிலேயே இரவு ஷிப்ட் பார்ப்பவர். நாங்கள் மூன்று வருடமாகச் சந்தா கட்டி, எல்லா ஊர்வலத்திலும் நின்றவர்கள்.

"நேரம் சரியில்லம்மா. இப்பம் வாயத் தொறந்தா உள்ள தூக்கிப் போட்டுருவான்" என்றார். அது உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. "வேலைக்குன்னு வந்தா நாலு பேச்சு வரத்தான் செய்யும். அதுக்குப் போயி டிக்கெட்ல புள்ளி வைப்பியளோ? மொதல்ல தொழிலாளி பிரச்சின தீரட்டும். பொம்பள பிரச்சினய பொறவு பாப்போம்."

"நாங்க தொழிலாளி இல்லியா தோழர்?" என்று கேட்டேன்.

"நீ ஒண்ணு மெர்சி, வார்த்தையப் புடிச்சிக்கிட்டு" என்றார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை பத்தரைக்கு விசாரணை. வெளியிலிருந்து வந்த அதிகாரி, மாசிலாமணி சார், இரண்டு எழுத்தர்கள், சால்வை போட்ட 271. அவருக்குப் பின்னால், சுவரோரம், கோமதி. முப்பது வயது இருக்கும். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று அவரே அதிகாரியிடம் விளக்கம் சொன்னார். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

பிலோமினா அக்கா புகார்ப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னாள். அதிகாரி புரட்டினார். "இரைச்சல்னு இருக்கு. சோதிச்சிருக்காங்க. சரியா இருக்குன்னு எழுதியிருக்கே?"

மாசிலாமணி சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி வடிவிடம் திரும்பினார். "அவர் என்ன பேசினார்? அப்படியே சொல்லணும்."

ஐந்து ஆண்கள் உட்கார்ந்திருந்த அறையில் பத்தொன்பது வயதுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். "சொல்லாட்டா எப்படிம்மா பதிவு பண்றது?" என்றார் அதிகாரி. "எழுதிக் காட்டுவா சார்" என்றாள் பிலோமினா அக்கா. வடிவு எழுதினாள். நான்கு வரி. எழுத்து அழகாக இருந்தது. அதிகாரி படித்துவிட்டு நான்காக மடித்தார்.

271 எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குடும்பத்துப் பொண்ணு கை இப்பிடில்லாம் எழுதுமா சார்? இவ எப்பிடிப்பட்டவன்னு இதுவே சாட்சி."

எழுத்தர்கள் இருவரும் தலையசைத்தார்கள். தான் கேட்ட வார்த்தைகளை எழுதியதாலேயே வடிவு கெட்டவளாகிவிட்டாள். அந்த வார்த்தைகளைச் சொன்னவர் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

அடுத்து நான். அன்று நாகர்கோவில் லைன் இருமுறையும் எங்கேஜ்டாக இருந்ததா? "ஆமா சார்" என்றேன். சுவரோரம் கோமதி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

புகார் முழுதும் அந்த ஒரு காலில் தொங்கிக்கொண்டிருந்தது. உயிர் போகிற அவசரம் என்று நிரூபணமானால் எங்கள் வேலை போய்விடும். அதிகாரி கோமதியை எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டார்: "தாயார் உடம்பு பற்றித் தெரிஞ்சுக்கத்தானே அந்தக் கால்?"

அவள் புருஷன் திரும்பிப் பார்த்தான். அவள் அதிகாரியைப் பார்த்தாள்.

"இல்ல சார். நார்த்தங்கா ஊறுகாய்க்குப் பக்குவம் கேக்க."

முதலில் ஒரு எழுத்தர் சிரித்தார். அதிகாரியும் சிரித்துவிட்டார். "ஊறுகாய்க்கு அர்ஜெண்ட் காலா! ஏம்மா, நார்த்தங்கா அழுகிப் போயிருமா?" எல்லோரும் சிரித்தார்கள். "பொம்பளைங்களுக்குப் போனைக் குடுத்தா இப்படித்தான்" என்றார் மாசிலாமணி சார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். 271 மட்டும் சிரிக்கவில்லை. மனைவி முட்டாளாகிவிட்ட அறையில், அவள் சொன்னது பொய் என்று அவரால் சொல்ல முடியவில்லை. சொன்னால் உண்மையில் எதற்காகக் கூப்பிட்டாள் என்ற கேள்வி வரும்.

'அற்பக் காரணத்துக்கான அழைப்பு' என்று பதிவானது. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட அவளால் முடியவில்லை. கல்லூரிக்குப் போய்ப் படித்தவள், இடது பெருவிரலை மையில் உருட்டி வைத்தாள்.

விரலைத் துடைக்க வெளியே குழாயடிக்கு வந்தாள். 271 உள்ளே அதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய்க் குழாயைத் திருகிவிட்டேன்.

"நாகர்கோவில் லைன் அன்னைக்கு நிசமாவே எங்கேஜ்டாம்மா?" என்றாள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

"இல்லக்கா. சும்மாத்தான் கெடந்துச்சு."

"மூணு தடவ கேட்டேனே. எங்கொரலு பொம்பளக் கொரலாத் தோணலியா?"

வேலைக்காரப் பெண்ணைப் பற்றியும், அவர் போனை வாங்குவதைப் பற்றியும், புள்ளியைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்பம் ஒங்க ஒம்பது பேத்துக்கும் அவுகளத் தெரியும்" என்றாள். "எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சிக்கிட்டே ஏழு வருசமா இருந்திருக்கேன்."

"ஏங்க்கா ஊறுகாய்னு சொன்னீங்க?"

"எங்கம்ம செத்து ஆறு வருசமாச்சு. அவுகதான் அடக்கத்துக்கு வந்து மொத வரிசையில நின்னாக. செத்தவளுக்குச் சீக்குன்னு எழுதியிருக்காக, அது கூட நெனவில்ல." கொஞ்சம் சிரித்தாள். "அதுவும் போக, ஒங்க வேல பெயிருமுன்னு வெளிய பேசிக்கிட்டாக. என்னத்துக்கு?"

பிறகு மீதியையும் சொன்னாள். அன்றுதான் அவர் மூன்று மணி நேரம் வெளியே இருப்பார் என்று தெரிந்து, துணிமணி எடுத்து வைத்து, வரட்டுமா என்று அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் கூப்பிட்டாள். பேச்சுத் தாளை மறந்துவிட்டு அவர் திரும்பி வந்தார். பெண்களின் பெருமை பற்றிய தாள். வாசலில் பெட்டியைப் பார்த்தார். 3.05க்கு வடிவு துண்டித்த அந்த மூச்சு, அவர் கேட்டைத் திறந்த சத்தம் கேட்ட பிறகு இவள் விட்ட மூச்சு.

நான் விதியை மீறினேன். "எம்பேரு மெர்சி. எந்நேரம்னாலும் மெர்சின்னு கேளுங்க. ஒரு நிமிசத்துல நாகர்கோவில் குடுக்கேன்."

"மெர்சி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். போய்விட்டாள்.

முடிவுகள் வந்தன. பிலோமினா அக்காவுக்கு மூன்று பஸ் மாறிப் போகிற ஊருக்கு மாற்றல். மூத்தவள், தூண்டியவள் என்று காரணம். மற்றவர்களுக்கு எழுத்துமூல எச்சரிக்கை. வடிவுக்குத் தண்டனை எதுவும் இல்லை. அவள் எழுதிய அந்த நான்கு வரி எப்படியோ ஆறுமுகநேரி வரை போய்விட்டது. அப்பா வந்து ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அழைத்துப் போனார். இரண்டு மாதத்தில் கல்யாணம். கல்யாணப் பத்திரிகையில் படிப்பு மட்டும் போட்டிருந்தார்கள். பார்த்த வேலையைப் போடவில்லை.

அன்று முதல் நான் போர்டில், போனை எடுத்தால் எரியும் 271ன் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் டைரியில் ஒரு வரி: 'கோமதி - இல்லை.' ஷிப்ட் இல்லாத நாளில் மற்றப் பெண்களிடம் சொல்லிவைத்தேன். மெர்சி என்று கேட்டால் யாராக இருந்தாலும் உடனே நாகர்கோவில் கொடுங்கள், முதலில் குரலைக் கேளுங்கள் என்று. எல்லோரும் சரி என்றார்கள். முப்பத்தெட்டு நாள் அந்த வரியை எழுதினேன்.

முப்பத்தொன்பதாம் நாள் காலை மாசிலாமணி சார் ஒரு தாளை என் மேசையில் வைத்தார். சந்தாதாரரின் விண்ணப்பம், உத்தரவாகிவிட்டது. 271ஐ வீட்டிலிருந்து எடுத்து, அலுவலகத்தில் இரண்டாவது லைனாக வைக்க வேண்டும். வீட்டில் போன் தேவைப்படவில்லை. டைரக்டரியில் திருத்தம் போடும் வேலை என்னுடையது, எழுத்து திருத்தமாக இருக்கும் என்பதால்.

ஸ்கேலை வைத்து, சிவப்பு மையில், வீட்டு முகவரி இருந்த வரியை ஒரே கோடாக அடித்தேன். அதில் அவர் பெயர், அவர் பட்டம், தெரு, எண். கோமதி என்ற பெயர் அந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இருந்ததில்லை. அதனால் அதை அடிக்க வேண்டிய வேலை எனக்கு இல்லாமல் போயிற்று.